வலது காலுக்கான மிதி

க்ராஷ் பாருக்கு ஆர்டர் கொடுத்தது நான்தான். மோட்டார் சைக்கிள் சாய்ந்தால் காலை நசுக்காமல் தாங்குகிற அந்த வளைந்த இரும்புக் குழாய்களைக் கண்டாலே என் கணவன் ஆர்லனுக்கு ஆகாது. "மாட்டுத் தொழுவத்துக் கம்பி மாதிரி இருக்கு" என்பான். ஆனால் இந்த ஏப்ரலில் நான் பெட்டியைப் பிரித்து ஷெட் தரையில் வைத்தபோது அவன் குனிந்து ஒரு குழாயை எடுத்துப் பார்த்தான். ஹைவே பெக்கும் வேண்டும் என்றான். நீண்ட சாலையில் காலை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ள, அந்தக் குழாயிலேயே பக்கத்துக்கு ஒன்றாக மாட்டுகிற மிதி அது.

"முழங்கால்தான் மடங்க மாட்டேங்குது. நீட்டி வைக்க ஒரு இடம் கிடைச்சா போதும்" என்றான்.

முழங்கால் என்று அவன் சொன்னான். நானும் முழங்கால் என்றே தலையாட்டினேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவன் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். பூட்ஸைக் கழற்றிவிட்டேன். வலது காலுறையின் அடிப்பக்கம் ரத்தத்தில் ஊறி விறைத்திருந்தது. பூட்ஸைக் கவிழ்த்தால் சின்ன நட்டு ஒன்று விழுந்தது. காலை ஏழு மணியிலிருந்து அதன் மேல் நடந்திருக்கிறான், தெரியவே இல்லை. சர்க்கரை இப்படித்தான் பாதத்தைச் சாகடிக்கும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். ஆர்லன் விழித்ததும், "பூட்ஸ் தையல் உரசியிருக்கு" என்று சொல்லி மருந்து போட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தையல்தான்" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பயம் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சாதகமாகிவிடும். பயம் இருந்தது உண்மை. ஆனால் அவனிடமிருந்து ஒன்றைப் பறிக்கிற கை என்னுடையதாக இருக்கக் கூடாது என்ற கணக்கும் உள்ளே இருந்தது. வாயைத் திறப்பதற்குப் பதிலாக இரும்பை வாங்கினேன்.

மே மாதம் முதல் ஞாயிறு எங்கள் சர்ச் மைதானத்தில் வண்டிகளுக்கு ஆசி. அதன் பிறகு எல்லோரும் வரிசையாக நாற்பது மைல் ஓட்டிப்போய் ருபார்ப் பை என்கிற புளிப்பும் இனிப்புமான பலகாரம் சாப்பிட்டுத் திரும்புவோம். இருபத்திரண்டு வருடமாக அந்த வரிசையில் முதல் வண்டி ஆர்லனுடையது. பின்னால் முப்பது வண்டிகள் வரும். எண்பத்து நான்காம் வருடத்து அந்தக் கறுப்பு வண்டியில் பின் பிரேக் வலது காலுக்கு. அந்த ஞாயிறுக்கு முன்னால் நான் பேசியாக வேண்டும். ஒன்பது நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆர்லனின் தம்பி ராய்ஸ் ஸ்பேனர் பெட்டியோடு வந்தான்.

"என்னடா கிழவா, கடைசியில வண்டிக்கு வேலி போட்டுட்டியா?"

"உன் வயித்துக்குத்தான் முதல்ல வேலி போடணும்" என்றான் ஆர்லன்.

எஞ்சினை சேஸிஸோடு பிடித்திருக்கிற முன் போல்ட்டிலேயே குழாயையும் சேர்த்து முடுக்க வேண்டும். போல்ட்டை உருவினால் எஞ்சின் கீழே இறங்கிவிடும். அதனால் மரப்பலகை வைத்து ஜாக்கியால் முட்டுக்கொடுத்தோம். நாற்பது வருடத்து போல்ட் அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு, தட்டி, காபி குடித்து, மறுபடி தட்டி, பதினோரு மணிக்குத்தான் வெளியே வந்தது. குழாய் உட்கார்ந்ததும் ஆர்லன் சுற்றிவந்து பார்த்தான். "பரவாயில்ல. கொஞ்சம் அசிங்கம், அவ்வளவுதான்" என்றான்.

அடுத்தது மிதி. அளவு நாடாவை வைத்து அதை மாட்டுகிற ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஓட்டுகிறவர் வண்டியில் ஏறி, கண்ணை மூடி, காலைத் தூக்கி, அது தானாகப் போய் நிற்கிற இடத்தில் வைக்க வேண்டும். அந்த இடத்தில் டேப் ஒட்டுவார்கள். பிறகு கண்ணைத் திறக்காமலே காலை பிரேக்குக்குக் கொண்டுவர வேண்டும். கால் தடுமாறாமல் வந்தால்தான் இடம் சரி.

ராய்ஸ் முன் சக்கரத்தைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். குழாய்க்கு ஒட்டினாற்போல பிரேக் விளக்கின் வயர் போவதால், அது நசுங்கவில்லையே என்று பார்க்கச் சாவியைத் திருப்பிவிட்டு என்னைப் பின்னால் நிற்க வைத்தார்கள். ஆர்லன் கண்ணை மூடினான். இடது கால் ஒரே முறையில் போய் நின்றது. டேப் ஒட்டினோம். வலது காலும் எப்படியோ போய் நின்றது.

"இப்ப பிரேக்" என்றான் ராய்ஸ்.

கால் இறங்கியது. ஆர்லனின் தோள் லேசாக முன்னால் சாய்ந்தது. அழுத்துகிறான் என்று தெரிந்தது.

"பிடிச்சாச்சு" என்றான்.

விளக்கு எரியவில்லை.

"மாவிஸ், எரியுதா?" ராய்ஸ் என்னிடம் கேட்டான்.

"இல்ல."

"வயரை நசுக்கிட்டீங்க ரெண்டு பேரும்" என்றான் ஆர்லன், கண்ணைத் திறக்காமல்.

ராய்ஸ் ஒரு கையை நீட்டி பிரேக் மிதியை அழுத்தினான். என் முன்னால் சிவப்பாக எரிந்தது. கையை எடுத்தான், அணைந்தது. பிறகு அவன் கீழே பார்த்தான். ஆர்லனின் பூட்ஸ் பிரேக்குக்கு இரண்டு விரல் உள்ளே, எஞ்சின் மூடியின் மேல் இருந்தது. இன்னமும் முழு பலத்தோடு அதை அழுத்திக்கொண்டிருந்தான்.

ராய்ஸ் என்னைப் பார்த்தான்.

"ஆர்லன், உன் கால் பிரேக் மேல இல்ல" என்றேன்.

அவன் கண்ணைத் திறந்து குனிந்தான். அந்தக் காலை யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனதுபோலப் பார்த்தான். "இன்னொரு தடவை" என்றான். கண்ணை மூடினான். எரியவில்லை. இன்னொரு தடவை. எரிந்தது. இன்னொரு தடவை. எரியவில்லை.

"வலது பக்கம் மிதி வேணாம். இடது பக்கம் மட்டும் மாட்டுங்க. வலது காலை பிரேக்கை விட்டு எடுக்கவே மாட்டேன்."

"வச்ச காலு அங்கேயே இருக்குதான்னு உனக்கு எப்படித் தெரியும்?" நான் கேட்டேன். அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. "பிப்ரவரியில அது பூட்ஸ் தையல் இல்ல. உள்ள ஒரு நட்டு இருந்தது. நாள் முழுக்க அது மேலதான் நடந்திருக்க."

ஆர்லன் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தான்.

"பிப்ரவரியிலேயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் இந்தக் கம்பியை வாங்கிக் கொடுத்த."

"ஆமா."

"நான் விழட்டும்னு காத்திருந்தியா? விழுந்தா அடிபடாம இருக்கட்டும்னா? எது?"

இரண்டும் இல்லை என்றால் பொய்யாகும். அவன் வண்டியிலிருந்து இறங்க முயன்றான். ராய்ஸ் கை கொடுத்தான். அதைத் தட்டிவிட்டு, தானே இறங்கி, வீட்டுக்குள் போய்விட்டான்.

ஐந்து நாள் பேசவில்லை. சாப்பிட்டான், டிவி பார்த்தான், உப்பு வேண்டுமென்றால் எழுந்துபோய் எடுத்துக்கொண்டான். என் மேல் கோபமா, காலின் மேலா என்று கேட்க எனக்குத் தகுதியில்லை என்று பட்டது. "தையல்தான்" என்று அவனும்தானே சொன்னான் என்ற நினைப்பு நடுநடுவே வரும். வந்த உடனே கூசும்.

வியாழக்கிழமை மதியம் ஷெட்டுக்குக் கூப்பிட்டான். வண்டியின் பக்கத்தில் நின்றிருந்தான்.

"உன் லைசென்ஸ்ல பைக் இன்னும் இருக்கா?"

"இருக்கு." என் வண்டியை விற்று எட்டு வருடமாகியும் அதை ஒவ்வொரு முறையும் புதுப்பித்திருந்தேன். அது அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"ஏறு. கண்ணை மூடு."

என் கால் அவனுடையதைவிடக் குட்டை. பழைய டேப்பைப் பிய்த்து எறிந்தான். மண்டியிட்டு என் பூட்ஸுக்கு அடியில் புது டேப்பை ஒட்டி, பெக்கைப் பொருத்தி முடுக்கினான். அவனுக்கு மூச்சு வாங்கியது. நான் உதவவில்லை.

"ஞாயித்துக்கிழமை நீ முன்னால போ. நான் உனக்குப் பின்னால உட்கார மாட்டேன். அதை மட்டும் கேக்காத."

"கேக்கல."

"ரிப்பேர் வண்டிங்களை ஏத்த கடைசியில ட்ரக் வரும்ல, அதுல வரேன்."

ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. பாஸ்டர் ஹைடி தண்ணீர்ப் பாத்திரமும் பைன் கிளையுமாக முதல் வண்டிக்கு வந்தார். எங்கள் வழக்கத்தில் வண்டிக்குத் தண்ணீர் தெளிக்கும்போது ஓட்டுகிறவரின் பெயரையும் சொல்ல வேண்டும். கிளையை உயர்த்தியவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். கண் ஆர்லனைத் தேடியது. பின்னால் முப்பது வண்டிகளும் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. நான் எதையாவது சொல்ல வேண்டும். முழங்கால் என்று சொல்லிவிடலாம். எல்லோரும் நம்புவார்கள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மைதானத்தின் கடைசியிலிருந்த ட்ரக்கின் கதவு திறந்தது. ஆர்லன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என் பாதம் செத்துப்போச்சு. பிரேக் எங்க இருக்குன்னே தெரியல" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "அவ பேரைச் சொல்லுங்க பாஸ்டர். மாவிஸ்."

தண்ணீர் என் கையுறைகளிலும் டேங்கிலும் தெறித்தது. திரும்பி அவன் முகத்தைப் பார்க்க விரும்பினேன். ஆனால் அவன் ஏற்கெனவே உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தான். எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். வண்டியைக் கிளப்பினேன்.