எதன்மேலும் விழும் படம்

தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும் அந்தக் கருவி. கைப்பேசியின் பின்பக்கம் செருகினால் சுவரில் படம் விழும். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று லேசர்கள். கடுகளவுக் கண்ணாடி ஒன்று படபடவென்று ஆடி அந்த ஒளியைக் கோடு கோடாக வீசும். மூன்று நிறமும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழச் செய்வது அவள் வேலை. பிசகினால் எழுத்தின் ஓரத்தில் சிவப்பு வழியும், வெற்றிலை போட்ட வாய் மாதிரி.

கம்பெனி அவளுடைய சித்தப்பாவுடையது. வீட்டில் சித்தப்பா, இங்கே சார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று வாய்க்கு வாய் சொல்வார். யாராவது லீவு கேட்டால் மட்டும் அந்தக் குடும்பம் காணாமல் போய்விடும்.

அன்றைக்குப் பெரிய கைப்பேசி நிறுவனம் ஒன்றிலிருந்து மூன்று பேர் கருவியைப் பார்க்க வந்திருந்தார்கள். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு விளக்குகளை அணைத்தார் சித்தப்பா. கைப்பேசியிலிருந்து ஒரு குளிர்பானப் பாட்டில் சுவரில் எழுந்தது.

“லேசருங்க. ஃபோகஸ் பண்ணவே வேணாம். கிட்ட, தூரம், மேடு, பள்ளம், எதுமேல அடிச்சாலும் பளிச்சுனு விழும்” என்றார். கசங்கிய காகிதத்தில் அடித்தார், தூணில் அடித்தார். வந்தவர்கள் தலையாட்டினார்களே தவிர, முகத்தில் ஒரு சுரத்தும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் துப்புரவு வேலை செய்யும் அக்கா டீத்தட்டோடு உள்ளே வந்தார். தூசு படாமல் கருவிகளைப் பொருத்தும் அறையைத் துடைப்பவர் என்பதால் அவருக்கும் வெள்ளைக் கோட்டு. தட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். பாட்டில் அவர் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது.

“அப்படியே நில்லும்மா!” என்றார் சித்தப்பா.

அக்கா பதறி நின்றார்.

“கொஞ்சம் நட. ஆங், மெதுவா. குனி.”

அவர் குனிந்தபோது பாட்டில் இடுப்பருகே வளைந்து உப்பியது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு எதற்கென்று புரியாமல் அக்காவும் பாதி சிரித்தார்.

ஓரத்தில் நின்ற அவள் முதலில் பார்த்தது படத்தைத்தான். துணி மடிப்பில்கூட நிறம் துளி பிசகவில்லை. ‘அட, நல்லா வந்திருக்கே’ என்று மனசு குதித்தது. அடுத்த நொடி அந்த மனசையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

“முன்பக்கம் திரும்பச் சொல்லுங்க” என்றார் வந்தவர்களில் தொந்தி பெருத்தவர். “அந்தப் பக்கம்தானே மேடு பள்ளம் ஜாஸ்தி.”

மறுபடி சிரிப்பு.

“சார், லேசர் கண்ணுல படும்” என்றாள் அவள்.

“கண்ண மூடிக்கச் சொன்னா ஆச்சு. அம்மா, கண்ண மூடிக்கிட்டுத் திரும்பு” என்றார் சித்தப்பா.

அக்கா கண்களை இறுக மூடினார். கைகள் தாமாகவே மார்புக்குக் குறுக்கே வந்தன.

அவள் ஓடிப்போய் சித்தப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றாள். பாட்டில் அவள் சட்டையில் விழுந்தது. “பாத்தீங்களா, கலர் துணியிலயும் தெரியுது!” என்று சித்தப்பா குதூகலித்தார். தொந்திக்காரர் கைதட்டினார்.

அவள் சுவரோரம் போய் எல்லா சுவிட்சுகளையும் ஒரே தட்டாகத் தட்டினாள். குழல்விளக்குகள் பளீரென்று எரிந்தன. பாட்டில் போன இடம் தெரியவில்லை.

“என்ன சார், லைட்டு போட்டா ஒண்ணுமே தெரியல?” என்றார் தொந்திக்காரர்.

வெளிச்சத்தில் படம் மங்கிவிடும் என்பதை மறைக்கத்தான் சித்தப்பா அத்தனை திரைச்சீலையையும் இழுத்துவிட்டிருந்தார். அவர்கள் டீயைத் தொடாமலே கிளம்பினார்கள்.

பாத்திரம் கழுவும் இடத்தில் அக்கா ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என் முதுகுல என்ன காட்டினாங்க?”

“கூல்ட்ரிங்ஸ் பாட்டில்க்கா.”

“வேற ஒண்ணும் இல்லையே? நிசமா?”

“நிசமாக்கா.”

“அதுக்கா அப்படிச் சிரிச்சானுங்க, பேமானிங்க!” கோப்பையைப் பீங்கான் தொட்டியில் போட்டார். அது உடைந்தது. அவர் குனிந்து பொறுக்கவில்லை. கோட்டைக் கழற்றிக் குழாய்மேல் மாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் வரவேயில்லை.

அவள் வீட்டுக்கு வருமுன்பே சித்தப்பாவின் ஃபோன் வந்துவிட்டிருந்தது. அப்பா டிவியின் சத்தத்தைக் குறைக்காமலே சொன்னார்: “உங்க சித்தப்பன் புலம்புறான். லைட்ட போட்டதுக்கு ஒரு சாரி சொல்லிடு.”

“எதுக்குப் போட்டேன்னு சொன்னாரா?”

“சொன்னான். படம்தானே காட்டினான், அடிச்சானா திட்டினானா?”

“அங்க நம்ம அம்மாவ நிக்க வச்சிருந்தா?”

அப்பா ரிமோட்டைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

“நாளையிலேருந்து நீ அங்க போக வேணாம்” என்றாள். “சாரியும் வேணாம், பூரியும் வேணாம்.”

அவள் போகவில்லை. சித்தப்பாவுக்கு ஆர்டர் கிடைத்தது, வேறு ஏதோ நிறுவனத்திடமிருந்து. நல்ல சேதி சொல்லக் கேக்குப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். “சின்னப்புள்ள, ஏதோ தெரியாம பண்ணிட்ட. நான் அதெல்லாம் அன்னிக்கே மறந்துட்டேன்மா” என்று சிரித்து, ஒரு துண்டை அவள் வாயருகே நீட்டினார்.

அவர் விரலில் வெண்ணெய் அப்பியிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.