அரிக்காத புண்

பாடாங் செராயை அடுத்த ரப்பர் தோட்டத்தில் அவ்வாண்டு மழைக்காலத்தில் சொறி பரவியது. மருந்தகப் பொறுப்பாளரான டிரெசர் அருளம்பலம், வந்தோர் அனைவரின் விரலிடுக்குகளையும் சோதித்துக் கந்தகக் களிம்பு வழங்கினார். பால்வெட்டும் அய்யாவு மட்டும் கையை நீட்டாமல், திரைக்குப் பின்னால் சென்று வேட்டியை விலக்கினான். அங்கே கெட்டியான விளிம்புடன் ஒரே ஒரு புண் இருந்தது.

"இரவிலை சொறியுதோ?"

"இல்லீங்கய்யா."

"நோகுதோ?"

"கொஞ்சங்கூட இல்ல. லயத்துல எல்லாரும் ராவெல்லாம் சொறிஞ்சு சாவுறானுங்க. நான் நல்லாத் தூங்குறேன்லா!"

அருளம்பலம் சிரிக்கவில்லை. அரிப்பும் வலியும் அற்ற அத்தகைய புண், பெண் தொடர்பால் தொற்றும் மேகநோயின் அடையாளம் என்பதை அவர் அறிவார். அது மனைவிக்கும், அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் பரவக்கூடியது.

"உன்ரை பெண்சாதிக்கு?"

"அவளுக்கும் நேத்து இதே மாதிரி ஒண்ணு வந்திருக்குங்க. அரிக்கல."

"அய்யாவு, இது சொறியில்லை..."

மீதியைக் கேட்க அவன் நிற்கவில்லை. திரையை விலக்கி, வரிசையில் நின்றோர் அனைவரும் கேட்கக் கூவினான்.

"ஏ மருதம்மா! நமக்குச் சொறி இல்லையாம்!"

ஏழு மாத வயிற்றைத் தாங்கியபடி நின்ற மருதம்மாள், நிம்மதியாகச் சிரித்தாள்.