தோல்கிடங்குத் தெருவில் ஓடாத டிராம்

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. பெரிய ஞானோதயம் எதுவும் இல்லை. எனக்கு ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு குடும்பமே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுவரில் பழைய டிராம் வரைபடம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வேறு வேலை இல்லாததால் அதில் என் வீடு எங்கே வருகிறது என்று தேடினேன். என் தெருவின் நடுவே ஒரு சிவப்புக் கோடு ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. என் தெருவில் எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தாலே ஒருவர் இறங்கி வழிவிட வேண்டும். அங்கே டிராமா?

விசாரித்தேன். ஓடவே இல்லை. ஓட்டலாம் என்று யோசித்திருக்கிறார்கள், வரைந்திருக்கிறார்கள், மறந்திருக்கிறார்கள். வரைந்தது மட்டும் தங்கிவிட்டது. அந்தக் கோட்டை நம்பி யாராவது எதையாவது இழந்திருப்பார்களா என்று யோசித்தேன். அப்போதுதான் இந்தப் பெண் வந்து நின்றாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"நகரங்கள் தண்டவாளங்களின் மீது பிறக்கின்றன, மனிதர்கள் அவற்றில் வெறும் பயணி—"

வேண்டாம். எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

இரண்டாம் முயற்சி:

"மழை பெய்துகொண்டிருந்தது. வரைபட அலுவலகத்தில் அவள் தன்னந்தனியாக—"

அவள் தனியாக இல்லை. அந்த அறையில் மின்விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்று தினமும் சண்டை போடும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அதைக் காதில் வாங்காத மேலாளர் ஒருவர் இருக்கிறார். மழையை வேறு இடத்துக்குப் பத்திரப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆகையால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

மாநகராட்சியின் வரைபடப் பிரிவில் ஒரு பெண் வேலை செய்கிறாள். ஐம்பதைத் தொட இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கோணல் கோட்டைக் கண்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அலுவலகத்தில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். அது அவளுக்குத் தெரியும், தெரியாதது போல இருந்துகொள்கிறாள். நானும் அப்படியே கூப்பிடலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை. வரைபடக்காரி என்று வைத்துக்கொள்வோம்.

டிராம் நின்று பல காலம் ஆன அந்த ஊரில் மறுபடியும் ஒரு பாதை போடுகிறார்கள். பழைய பணிமனையைப் பயணிகள் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். அதன் பெரிய சுவர் முழுக்க ஒரே ஒரு வரைபடம் வரப்போகிறது: 'இந்த ஊரில் எப்போதாவது ஓடிய எல்லா டிராம் பாதைகளும்.' அதை வரைவது இவள் பொறுப்பு.

அவள் வேலை செய்யும் விதம் இது. ஒவ்வொரு காலத்து வரைபடத்தையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவாள். எல்லாத் தாள்களிலும் மணிக்கூண்டு ஒரே இடத்தில் நிற்கும்படி பொருத்துவாள். பிறகு மேல்தாளை மெல்ல மங்கச் செய்து கீழ்த்தாளைப் பார்ப்பாள். அப்போது ஊர் அசையும். முதல் தாளில் துறைமுகத்திலிருந்து சந்தை வரை ஒற்றைக் கோடு, இருபுறமும் வெற்று நிலம். அடுத்த தாளில் கோடு ஆற்றைத் தாண்டுகிறது. தாண்டிய இடத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருத்துவமனை. ஊர் வளர்ந்ததால் டிராம் வந்தது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தாள்கள் வேறு விதமாகச் சொல்கின்றன. பல இடங்களில் டிராம் முன்னாலேயே போய் நின்றுவிடுகிறது. வீடுகள்தான் பின்னாலேயே மூச்சுவாங்க ஓடி வந்து சேர்கின்றன. கடைசித் தாள்களில் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகும் தெருக்கள் பழைய வளைவை விடவில்லை. இன்றைக்கும் பேருந்துகள் அங்கே காரணமே தெரியாமல் அகலமாகத் திரும்புகின்றன.*

* கட்டுரை வாடை அடிக்கிறதா? அடிக்கட்டும். எனக்கு இந்தப் பத்திதான் பிடித்திருக்கிறது.

4

வரைபடக்காரிக்கு ஒரு அக்கா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். ஊரில் பாதிப் பேருக்கு நரம்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு அத்துப்படி. வாய் கொஞ்சம் அதிகம், கை மட்டும் பூ மாதிரி.

வரைபடக்காரி பிறந்த சில வாரங்களிலேயே அம்மா இறந்துபோனாள். அக்காவுக்கு அப்போது ஐந்து வயது. அப்பா அம்மாவைப் பற்றி வாயே திறக்கமாட்டார். ஒரு புகைப்படம்கூட—

(புகைப்படம் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். ஒன்று இருக்கிறது. கல்யாணத்தன்று எடுத்தது. அதில் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். நான் வேண்டுமென்றேதான் மூடவைத்தேன்.)

ஆக, அந்த வீட்டுக்கு அம்மாவிடமிருந்து மிஞ்சியது அக்காவின் ஒரே ஒரு ஞாபகம். ஏழாம் நம்பர் டிராம். நல்ல மழை. தோல்கிடங்குத் தெருவில் வண்டி திரும்புகிறது, தோல் நாற்றம் குப்பென்று உள்ளே வருகிறது. அக்கா அம்மாவின் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். மடி ஈரமாக இருக்கிறது. அக்கா சன்னலுக்கு வெளியே கையை நீட்டுகிறாள். அம்மா அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, உள்ளங்கையில் முத்தம் கொடுக்கிறாள். அவ்வளவுதான். சின்ன வயதில் தங்கை அழும்போதெல்லாம் அக்கா இதைத்தான் சொல்வாள்.

அந்த ஞாபகத்தில் தனக்கு இடமில்லை என்று வரைபடக்காரிக்குத் தெரியும். இரவல் நகைதான். ஆனால் வேறு நகை இல்லாதவள் அதையே போட்டுப் போட்டுப் பழகிவிட்டாள்.

5

ஏழாம் நம்பர் பாதை பழைய தாள்களில் எல்லாம் இருக்கிறது. சந்தேகப்பட அவளுக்குக் காரணமே இல்லை. காரணத்தைக் கொடுத்தது நான். டிராமுக்குத் தலைக்கு மேல் மின்கம்பி வேண்டும், கம்பிக்குக் கம்பம் வேண்டும். பழைய மின்கம்பங்களின் வரைபடம் ஒன்றை அவள் கையில் கிடைக்கும்படி செய்தேன். அதையும் அடுக்கில் சேர்த்தாள். எல்லாப் பாதைகளின் ஓரமாகவும் கம்பங்கள் பொட்டுப் பொட்டாக வந்து நின்றன. தோல்கிடங்குத் தெருவில் ஒன்றுகூட இல்லை.

பின்னோக்கிப் போனாள். ஏழாம் நம்பர் முதன்முதலாகத் தலைகாட்டும் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதில் அது புள்ளிக்கோடு. வரைபடக்காரர்களுக்குப் புள்ளிக்கோடு என்றால் 'இனிமேல் போடலாம் என்று எண்ணம்'. அடுத்த தாளுக்கு அதை நகலெடுத்தவர் மேலே, அடியில் இருப்பது ஊடே தெரியும் மெழுகுத்துணியை விரித்து மைப் பேனாவால் வரைந்திருக்கிறார். பேனாவைத் தூக்கித் தூக்கி வைத்தால் மை சொட்டும், ஒரே இழுப்பாக இழுத்தால் சொட்டாது. மனிதர் இழுத்துவிட்டார். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் தப்பு. கோடு போட்டால் ரோடு போடுகிற ஆள் என்று சொல்வோமே, இவர் தண்டவாளமே போட்டுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் இவரைப் பார்த்து வரைந்தார்கள்.

"ஏழாம் நம்பர் ஓடவே இல்லையா?" என்றார் மேலாளர். "நல்லவேளை, இப்பவாவது பார்த்தீங்க. எடுத்துடுங்க. நாளைக்கு மதியம் அச்சுக்குப் போகுது."

"இன்னும் ஒரு தடவை செக் பண்ணிடறேன் சார்."

"நீங்க செக் பண்ணினதுக்கு மேல அப்பீல் ஏது?"

6

இங்கே உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுதுவது நான். ஒரே வாக்கியத்தில் என்னால் இதைச் சரிசெய்துவிட முடியும்.

"ஆனால் அந்தத் தெருவில் மட்டும் இடம் போதாததால், மின்கம்பிகளை வீட்டுச் சுவர்களில் கொக்கி அடித்துக் கட்டியிருந்தார்கள்."

பாருங்கள், டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் இதை எழுதி முடிப்பதற்குள் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தோல்கிடங்குத் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பழைய சுவர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். கொக்கி இல்லை, கொக்கி இருந்த ஓட்டை இல்லை. தெருமுனையில் அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தாள். டிராம் வண்டி திரும்ப அங்கே இடமே இல்லை. அவளை அப்படிப்பட்டவளாகப் படைத்துத் தொலைத்தது நான்தான், யாரை நொந்துகொள்வது?

7

அங்கிருந்து நேராக அக்காவிடம் போனாள். மாலைக் கூட்டம் குறைந்த நேரம். அக்கா ரத்தக் குழாய்களில் சீட்டு ஒட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு? ரத்தம் எடுத்துப் பார்த்துடவா?"

"அக்கா, அந்த ஏழாம் நம்பர் டிராம்..."

"ஆமா, வரைஞ்சாச்சா? திறப்பு அன்னைக்கு லீவு சொல்லிட்டேன். அந்தத் தெரு மேல கை வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கணும்."

"அது ஓடலக்கா."

"எது?"

"ஏழாம் நம்பர். தண்டவாளமே போடல. படத்துல வரைஞ்சதோட சரி."

அக்காவின் கை அடுக்குவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் மெதுவானது, அவ்வளவுதான்.

"அப்ப நான் எதுல போனேன்?"

"வேற பாதையா இருக்கலாம். அஞ்சாம் நம்பர் சந்தை கிட்ட அதே மாதிரிதான் திரும்பும்."

"சந்தையில தோல் நாத்தம் அடிக்குமா?"

"இல்லன்னா... அம்மா சொல்லியிருக்கலாம். புதுப் பாதை வரப்போகுதுன்னு அப்ப ஊரெல்லாம் பேச்சா இருந்திருக்கும். வந்ததும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருப்பா. நீ சின்னப் பொண்ணு. சொன்னதையே போனதா நினைச்சுட்டிருப்ப."

"மடி ஈரமா இருந்துச்சுடி," என்றாள் அக்கா. "சொன்ன பேச்சு நனையுமா?"

 

8

இங்கே பல நாள் நின்றுவிட்டேன். கைவசம் மூன்று முடிவுகள் இருந்தன.

அ. அவள் கோட்டை எடுத்துவிடுகிறாள். திறப்பு நாளில் அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு சுவருக்குப் போய், விரலை வைத்துத் தெருவைத் தேடுகிறாள். (எழுதிப் பார்த்தேன். விரல் தெருமுனைக்கு வந்ததும் என்னால் மேலே போக முடியவில்லை.)

ஆ. கோட்டை விட்டுவைக்கிறாள். யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு சுவர் அளவுக்குப் பொய். இனி அந்த ஊரில் யார் டிராமைப் பற்றி எது எழுதினாலும் இவளுடைய பொய்யைச் சேர்த்துத்தான் எழுதுவார்கள். நகலெடுத்தவர் தெரியாமல் செய்தார். இவள் தெரிந்தே செய்தவளாகிவிடுவாள், மிச்சக் காலம் முழுக்க அந்தக் கூடத்துக்குள் தலைநிமிர்ந்து நுழையமாட்டாள்.

இ. மேலாளரிடம் மன்றாடி, புள்ளிக்கோடாகவே போட்டுவிடுகிறாள். பாம்பும் சாகாது, கோலும் உடையாது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. அக்கா கேட்பாளே, "புள்ளி வச்சா என்னடி அர்த்தம்?" என்று. இவள் என்ன சொல்வாள்? பெற்ற தாயை ஓர் உத்தேசமாக ஆக்கிவிட்டேன் என்றா?

இப்படி நான் குரங்குக்குட்டி மாதிரி ஒன்றை விட்டு ஒன்றைத் தாவிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள்.

9

"நீ ஏன்டி அழற? அழ வேண்டியவ நான்."

அவள் அழுகிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உனக்கு அம்மாவோட அஞ்சு வருஷம் இருந்துச்சுக்கா. ஞாபகம் இருக்கோ இல்லையோ, இருந்துச்சு. எனக்கு நீ சொன்ன அந்த டிராம்தான் அம்மா. நாளைக்கு அதை என் கையாலயே அழிக்கணும். அதுவும் என்னோடது இல்ல. நான் அதுல இல்லவே இல்ல."

அக்கா கையுறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டாள். முக்காலியை இழுத்துத் தங்கைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"யார் சொன்னா? நீயும்தான் இருந்த."

"எங்க?"

"டிராம்லதான். நீ வயித்துல. இம்மாம் பெரிய வயிறு அம்மாவுக்கு. எனக்கு மடியில இடமே இல்ல, பக்கத்துல ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். வண்டி திரும்பறப்ப அம்மா ஒரு கையால என்னைப் பிடிச்சுக்கிட்டா. இன்னொரு கையால உன்னைப் பிடிச்சுக்கிட்டா."

தாள்மேல் தாள் வைத்துப் பார்த்தே காலத்தை ஓட்டியவள் வரைபடக்காரி. இத்தனை வருஷமாக மடியில் உட்கார்ந்திருந்த அக்கா இன்றைக்கு மடியில் இடமில்லை என்கிறாள். இரண்டு தாளும் பொருந்தவில்லை. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே யாரோ கோட்டை இழுத்துவிட்டார்கள், அதுவும் அவள் கண்ணெதிரே, மைகூடக் காயவில்லை. வேறு யார் செய்திருந்தாலும் சிவப்பு மையால் சுழித்திருப்பாள். (இந்தப் பேச்சு என் திட்டத்தில் இல்லை. அக்கா நிஜமாகவே இப்போதுதான் நினைத்துக்கொண்டாளா, தங்கைக்காகக் கட்டிவிட்டாளா? எனக்குத் தெரியாது. அக்காவுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.)

வரைபடக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"என்னை எந்தக் கையால பிடிச்சுக்கிட்டாக்கா?"

"இடது கையால," என்றாள் அக்கா, கொஞ்சமும் யோசிக்காமல்.

10

மறுநாள் காலை. மின்விசிறிச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. மேலாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வரைபடக்காரி கோப்பைத் திறந்து, ஏழாம் நம்பர் பாதையைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். 'நீக்கவா?' என்று திரை கேட்கிறது. அவள் விரல்

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். சோம்பல் இல்லை. அந்த வண்டியில் நேற்றுவரை இரண்டு பேர்தான் இருந்தார்கள். இப்போது அவளும் ஏறிவிட்டாள். ஏற்றிவிட்டது நான் இல்லை என்பதால் இறக்கிவிடும் உரிமையும் எனக்கு இல்லை.

அதனால் உங்களிடம் விடுகிறேன். வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்ளுங்கள். எடுப்பதானாலும் எடுங்கள், குற்றமில்லை, வரைபடம் சரியாகிவிடும். ஒன்றே ஒன்று: எடுப்பதற்கு முன்னால் வண்டியை ஓரமாக, நனையாத இடமாகப் பார்த்து நிறுத்தி, எல்லாரையும் மெதுவாக இறக்கிவிடுங்கள். அந்த அம்மாவுக்கு மாதம் நிறைந்திருக்கிறது.