முந்தி அறுத்த கார்

என் கணவர் கோபிநாத்துக்கு இரண்டு பிடிவாதங்கள். ஆரணிப் பட்டு எந்த ஊர்ப் பட்டுக்கும் ஒரு படி மேல் என்பது ஒன்று. எங்கள் வீட்டு வாசலுக்குள் நின்ற ஜப்பான் கார் இன்னொன்று. முதலாவதை மன்னித்துவிடலாம், அது பிழைப்பு. இரண்டாவது என் தலையெழுத்து.

2004-இல் சென்னையில் யாரோ ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தார். இரண்டே கதவு. பின்னால் உட்கார வேண்டுமானால் முன் சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு நுழைய வேண்டும். உள்ளே டர்போ என்று ஒன்று இருந்தது. வேகமாகப் போய்க் காலை எடுத்தால் வண்டி 'புஸ்ஸ்' என்று பெருமூச்சு விடும். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்ட தெருக்காரர்கள் எல்லாரும் குனிந்து அவரவர் சைக்கிள் டயரைத் தடவிப் பார்த்தார்கள்.

வெள்ளையாக வந்த வண்டியை இவர் சும்மா விடுவாரா? மயில்கழுத்து நிறம் அடித்து, கீழே சுற்றிலும் அரக்கு நிறத்தில் பார்டர் போட்டார். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினார். அதன்பிறகு ஸ்பீட் பிரேக்கர் வந்தால் டிக்கியில் இருக்கும் இரண்டு பலகைகளை எடுத்துப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். பலகை போடுவது யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வேலையெல்லாம் செய்தது எல்லப்பன். அவர் பவர்லூம் மெக்கானிக். "ஜப்பான்காரன் மெஷினுங்க, நம்ம தறி மாதிரி ஒதைச்சா ஓடாதுன்னாங்க. ஒதைச்சிப் பாத்தேன், ஓடுது" என்று பெருமையாகச் சொல்வார். இவரும் அதைக் கேட்டுத் தலையாட்டுவார்.

கடைசியாகக் கப்பலில் மரப்பெட்டிக்குள் வந்தது அந்த இறக்கை. காரின் பின்பக்கம் இரண்டு கால்களில் கூரைக்கு மேல் எழும்பி நிற்கும். நெசவாளர் தெரு அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டது, முந்தி. "இன்னா கோபி, முந்திய இவ்ளோ தூக்கிக் கட்டிகினு எங்க கெளம்பிட்ட?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். இவர் மட்டும் தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் பட்டுத் துணியால் அதைத் துடைப்பார்.

என் மாமியார் அபிதகுசாம்பாள் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. கனமான மனுஷி, பேச்சும் அப்படித்தான்.

"அதுக்குப் பேரு இன்னாடா?"

"ஸ்பாய்லர்மா."

"கெடுக்கறவன்னு அர்த்தம். பேரச் சொல்லித்தான் வித்திருக்கான். அதக் கேட்டுகினே வாங்கினு வந்தியா?"

அன்றோடு அந்த வண்டியில் காலை வைக்க மாட்டேன் என்று அத்தை சபதம் செய்துவிட்டார்.

நான் பி.எட். முடித்துவிட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை வேலூரில், ஞாயிற்றுக்கிழமை. அத்தைக்கு கவர்மெண்ட் டீச்சர் மருமகள் வேண்டும் என்று ஆசை. எனக்கோ அது வெறும் ஆசை இல்லை. இந்த வீட்டில் டர்போ, பார்டர், முந்தி தவிர என் பெயரிலும் ஒன்று நடக்க வேண்டும் என்ற வெறி. நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். இவர் கெஞ்சினார். "ஒரே ஒரு தரம், கீதா. வேலூர் இன்னா தூரம்? புஸ்ஸுன்னு போயிடலாம்."

அத்தை தீர்ப்புச் சொன்னார். "இட்டுகினு போ. டயத்துக்கு சேத்துட்டீன்னா வண்டி இருக்கட்டும். இல்ல, திங்கக்கிழமை புரோக்கர் வருவான். அப்புறம் அழக் கூடாது."

இவர் அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

ஞாயிறு காலையில் நான் ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இவர் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருக்கிறார். டர்போ வண்டியைச் சூடு பண்ணாமல் எடுக்கக் கூடாதாம். இட்லி வெந்து, ஆறி, நாங்கள் தின்று முடித்த பிறகும் அது சூடாகிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எழுந்து போய்க் கேட்டைத் திறந்தார்.

எதிரே பாவு.

எங்கள் தெருவில் பாவு நீட்டுகிற நாள் என்றால், புடவைக்கான பட்டு இழைகளைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். இடையிடையே மூங்கில் கழிகளைக் குறுக்காக நிறுத்தித் தாங்கு கொடுத்து, கஞ்சி போட்டு வெயிலில் காயவைப்பார்கள். காயும்வரை சைக்கிள் ஓரமாகப் போகலாம், கார் போக முடியாது. முதல் நாள் இரவே வண்டியை மெயின் ரோட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பது இந்தத் தெருவில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். பட்டு வியாபாரி வீட்டில் பிறந்தவன் பாவு நாளை மறப்பானா? மறந்தார். ராத்திரி முழுக்க முந்திக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே இழுத்து இரண்டு கழிகளுக்கு நடுவில் கட்டிக் கஞ்சி போட்டிருப்பேன். அன்று பெரிய முகூர்த்தம் வேறு. பஸ்ஸெல்லாம் கல்யாணக் கூட்டத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்காமல் போயின. ஆட்டோவில் போனால் திங்கட்கிழமை பரீட்சை எழுதலாம். பைக்கை விற்றுத்தான் அந்த ஸ்பிரிங்கே வாங்கினார்.

எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே மெயின் ரோட்டுக்குப் போகிற சந்து இருக்கிறது. நடுவில் இந்தப் பாவு மட்டும்தான் தடை. பாவுக்காரர் பச்சையப்பன் மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். காருக்குப் பக்கத்தில் நின்று கையால் சாண் போட்டார், பிறகு பாவுக்குப் போய்ச் சாண் போட்டார்.

"தம்பி, ரெண்டு கழிக்கு நடுவால, பாவுக்கு அடியிலயே பூந்து சந்துக்குப் போயிடலாம் போலக்குதே. வண்டிய இந்த மட்டுக்கு எறக்கி வச்சிருக்க."

இவர் முகம் மலர்ந்தது. தரையோடு இறக்கியதற்கு ஊரில் கிடைத்த முதல் மரியாதை அது.

"கார் பூந்துடும். முந்தி பூராது" என்றார் மாமா.

மலர்ந்த முகம் வாடியது. "பாவக் கொஞ்சம் தூக்கிப் புடிக்கலாமா மாமா?"

"கஞ்சி ஈரம் காயல. தூக்குனா இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். உன் முந்தி மாட்டி இழுத்துதுன்னா தெருவே உக்காந்து அழணும்."

சத்தம் கேட்டு வந்திருந்த எல்லப்பனிடம், முந்தியைக் கழற்ற எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார் இவர்.

"கழட்டறதா? கழட்ட வேண்டி வரும்னு நீங்க சொல்லவே இல்லியே. நல்லா இருக்கட்டும்னு வெல்டு வச்சிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹால் டிக்கெட்டின் ஓரம் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. இவர் என்னைப் பார்த்தார், பிறகு முந்தியைப் பார்த்தார். "எல்லப்பா, ஆக்ஸா பிளேடு எடுத்துகினு வா, ஜல்தி."

எல்லப்பனை அறுக்க விடவில்லை. தானே அறுத்தார். ஒரு கால் அறுபட்டதும் மூக்கை உறிஞ்சினார், மறு காலுக்கு வாய்விட்டே அழுதார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை.

மாமா மறுபடி சாண் போட்டார். முந்தி போயும் கூரை இரண்டு விரல் இடிக்கும் போலிருந்தது. "பின்னால பாரம் ஏத்துங்க, அமுங்கும்" என்றார் எல்லப்பன். எதை ஏற்றுவது? எல்லார் கண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றன.

அத்தை இடுப்பில் கை வைத்தார். "இன்னாடா எல்லாரும் என்னையே பாத்துகினு கீறீங்க? சீட்ட மடிங்க."

சபதம் போனது போகட்டும், அவர் உள்ளே போனதுதான் பெரும்பாடு. நான் முன்னாலிருந்து இழுக்க, எல்லப்பன் கதவைப் பிடித்துக்கொள்ள, "மருமக டீச்சராவணும், முருகா" என்று சொல்லிக்கொண்டே அத்தை பின்சீட்டில் விழுந்தார். கல்லாக இருந்த ஸ்பிரிங் 'க்ரீச்' என்று அமுங்கியது. தெருவே கைதட்டியது.

வண்டி ஊர்ந்தது. பச்சையப்பன் மாமா பக்கத்தில் குந்தியபடியே நகர்ந்து வந்து, கன்னத்தைச் சாய்த்து, கூரைக்கும் பாவுக்கும் நடுவிலிருந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேல் பட்டிழைகள் மஞ்சளாக நகர்ந்தன. பாதி வண்டி பாவுக்கு அடியில் இருக்கும்போது கேட்டது அந்தச் சத்தம்.

புஸ்ஸ்.

"ஐயோ, அறுந்துச்சி!" பச்சையப்பன் மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டார்.

"அறுந்துச்சுமில்ல, ஒண்ணுமில்ல. நாந்தான்" என்றார் அத்தை பின்னாலிருந்து. மூச்சைப் பிடித்துக்கொண்டால் கனம் கூடும் என்று நினைத்தாராம். "எவ்ளோ நேரம்டா புடிக்கறது? பேஜாராக்குது. ஓட்டு."

ஓர் இழைகூட அறுபடாமல் சந்துக்குள் நுழைந்தோம். அத்தையை இறக்கிவிட நேரமில்லை. ஏற்றின பாட்டை நினைத்தால் தைரியமும் இல்லை. அவரோடேயே கிளம்பினோம்.

கண்ணமங்கலம் ஸ்பீட் பிரேக்கரில் நான் பரீட்சைப் புடவையில் இறங்கிப் பலகை போட்டேன். அதற்குப் பிறகு ரோடு காலியாகக் கிடந்தது. இவர் மிதித்தார். புளியமரங்கள் எல்லாம் ஒரே மரமாகிவிட்டன. பின்சீட்டில் சத்தமே இல்லை. அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து திரும்பினேன். கண்ணை அகல விரித்து, என் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

பரீட்சை நடந்த பள்ளியின் வாசற்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் உள்ளே விழுந்தேன்.

எழுதிவிட்டு வெளியே வந்தபோது வாசலில் ஒரே கூட்டம். நடுவில் எங்கள் வண்டி. பின்சீட்டில் அத்தை அப்படியே இருந்தார், மடியில் புளியோதரைப் பொட்டலம். ஜன்னல் வழியாகக் கூட்டத்துக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. "இது டர்போ. சூடு பண்ணாம எடுக்கக் கூடாது, சூடாறாம நிறுத்தக் கூடாது. எங்க பையன் பாத்துப் பாத்துப் பண்ணது." பிறகு மகனைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார். "போம்போது அந்த புஸ்ஸு இன்னொரு தரம் விடு."

திங்கட்கிழமை புரோக்கர் வந்தார். அத்தை அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். அறுத்த முந்தி மொட்டைமாடிக்குப் போனது, அதன்மேல் இப்போது வடாம் காய்கிறது.

நான் தேறினேன். தேசூரில் வேலை கிடைத்தது. பாவு நாளில் வண்டியை ராத்திரியே மெயின் ரோட்டில் விடச் சொன்னால், அத்தை சம்மதிப்பதே இல்லை. "வெளிய நின்னா கீறல் விழும். அதான் நான் கீறேனே" என்று எனக்கு முன்னாலேயே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கேட்டருகே நிற்கிறார். பாவுக்கு அடியில் புகுந்த பிறகு இறங்கச் சொன்னால், முட்டி வலிக்கிறது என்கிறார். பள்ளியில் பிள்ளைகள் என்னை கீதா டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். கார் ஜன்னல் வழியாக டர்போ பாடம் நடத்தும் அத்தையைத்தான் பெரிய டீச்சர் என்கிறார்கள்.