பரீட்சை முடியும் வரை

தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கிடந்த காம்பரா அறைகளுக்கு நடுவே முழுச் சுவர் இல்லை. தகரத்துக்குக் கீழே ஒரு முழம் திறந்தே இருந்தது. அடுத்த காம்பராப் பெண் கிருஷாந்தி கைத்தொலைபேசியிடம் ஆங்கிலம் படிப்பது அதன் வழியாக வீரம்மாவுக்கும் தினமும் கேட்கும். தொலைபேசி ஒன்று சொல்லும். அவள் திருப்பிச் சொல்வாள். பிழை என்றால் மறுபடியும்.

"இன்னைக்கும் நல்லா ஏச்சு வாங்குது புள்ள," என்று இருமலுக்கு நடுவே சிரிப்பார் வீரம்மாவின் புருஷன் இராமையா. படுக்கையில் விழுந்த மனிதருக்கு அதுதான் பொழுதுபோக்கு.

அன்று காலை பரீட்சை. ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுப்பவர்கள் தொலைபேசியிலேயே பேசவைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்தில் வேறு சத்தம் கேட்டால் பரீட்சை அப்படியே நின்றுவிடும்; மறு வாய்ப்புக் கிடையாது. மற்றவர்களெல்லாம் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். கிருஷாந்தி வாசலில் தயங்கி நின்றாள்.

"சித்தி, கொஞ்ச நேரந்தான்..."

"நீ போய்ப் பேசு தாயி," என்றார் இராமையா. "இங்கருந்து ஒரு சத்தமும் வராது."

அவள் போனதும் துவாய்த் துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு திரும்பிப் படுத்தார். சுவருக்கு அப்பால் ஆங்கிலம் தொடங்கியது. இருமல் வரும்போதெல்லாம் அவர் முதுகு குலுங்கியது, சத்தம் வரவில்லை. வீரம்மா தடவிக்கொடுத்தபடி இருந்தாள். பிறகு குலுக்கலும் நின்றது. அசந்துவிட்டார் என்றே நினைத்தாள். நழுவிய துவாயை எடுக்கக் குனிந்தபோதுதான் அவர் கண்கள் திறந்திருப்பதைக் கண்டாள். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

சாவு விழுந்தால் முதல் ஓலம் அந்த வீட்டுப் பெண்ணிடமிருந்து எழ வேண்டும். அது அவள் தொண்டை வரை வந்துவிட்டது. அப்பால் கிருஷாந்தி தடுமாறி, நின்று, மறுபடி பேசினாள்.

வீரம்மா அதே துவாயைத் தன் வாயில் திணித்துக்கொண்டாள். அவர் கண்களை மூடிவிட்டாள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டப் பழைய சேலையைக் கிழிக்கப் போனவள், கிழியும் சத்தத்துக்குப் பயந்து கையை எடுத்தாள். மாரியம்மன் படத்தைப் பார்த்தாள். அந்தப் புள்ள பேசி முடிக்கட்டும் தாயே என்பதைத் தவிர அன்று அவள் எதையும் கேட்கவில்லை.

"சித்தி, பரீட்சை நடுவுல நிக்கல, பேசிட்டேன். சித்தப்பாகிட்ட..." வாசலோடு கிருஷாந்தியின் குரல் நின்றுபோனது.

வீரம்மா துவாயை எடுத்தாள்.

"முழுசா முடிஞ்சிருச்சா தாயி?"

கிருஷாந்தி தலையசைத்தாள்.

மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த ஓலத்தைக் கேட்டுக் கூடையோடு நிமிர்ந்தார்கள்.