மீசையும் புகார் மேசையும்

அன்று அந்தக் கடையில் இருந்தவர்கள்: நான், என் தம்பி, புகார் மேசையில் தம்பி மகள், கடை மேலாளர், கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டியோடு ஓர் அம்மாள். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்ளும் என் சம்பந்தி வீட்டார் அன்று வெளியூரில் இருந்தார்கள்.

தம்பி மகளுக்குச் சிறு வயதிலேயே காது கேட்காமல் போனது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். பதிலுக்கு மட்டும் குறைவே இருக்காது. மின்சாதனக் கடையில் அவளுக்குக் கிடைத்த வேலையைக் கேட்டுச் சம்பந்தி வீட்டில் சிரித்தார்கள். காது கேட்காதவளையா புகார் கேட்க உட்கார வைப்பது? எங்கள் வீட்டுப் பெண்ணை யாரும் வேடிக்கைப் பொருளாக்க விடுவேனா? கையோடு அழைத்துவரக் கிளம்பினேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று முனகியபடி தம்பி பின்னால் ஓடிவந்தான்.

அந்த அம்மாள் கத்திக்கொண்டிருந்தார். கத்தினால் வாய் கோணும், கோணினால் தனக்குப் புரியாது என்று தம்பி மகள் சொன்னாள். அம்மாள் நிதானமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. வேறு பெட்டி கைக்கு வந்த பிறகும் அவர் போகவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பா வந்திருக்கிறேன், எழுந்து நிற்பாள் என்று நினைத்தேன். "உட்காருங்க. என்ன புகார்?" என்றாள்.

குடும்பப் பெருமையில் தொடங்கி, சம்பந்தி வீட்டுச் சிரிப்பு வரை சொன்னேன்.

"பெரியப்பா, மீசை ஆடுறது தெரியுது. சொல்றது தெரியல."

வீட்டில் நான் சொல்வதைத் தம்பிதான் அவளுக்குத் திருப்பிச் சொல்வான். அதுதான் முறை என்று இருந்துவிட்டேன். இப்போதும் அவன் வாயெடுத்தான்.

"அப்பா, புகார் கொடுக்கறவங்கதான் பேசணும்" என்று அடக்கிவிட்டாள்.

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் வம்சத்தில் தம்பியைத் தவிர எந்த ஆணும் மேலுதட்டை வெளியே காட்டியதில்லை.

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். சிலர் பேசுவது இவளுக்குப் பிடிபடுவதில்லை என்றும், ஒரு பெரியவரையே இப்படி நிறுத்தி வைத்தால் சரிப்படாது என்றும், நாளை முதல் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கட்டும் என்றும் அவள் முகத்துக்கு நேரே சொன்னார்.

அவள் அவரிடம் பேசவில்லை. என்னிடம் சொன்னாள். "கிடங்குல ஒரு முகம் கிடையாது பெரியப்பா. எனக்கு இந்த நாற்காலிதான் வேணும்."

அவளை வீட்டுக்கு அழைத்துப் போவது என் உரிமை. கிடங்குக்கு அனுப்ப இவர் யார்?

இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "இந்த மேலாளர் மேல புகார். ஒழுங்கா வேலை பாக்கற பொண்ண எழுப்பப் பாக்கறார்."

"புரிஞ்சுது." மேலாளர் பக்கம் திரும்பினாள். "சார், உங்க பதில்?"

அவர் துணைக்கு அம்மாளைப் பார்த்தார். அம்மாள் புதுப் பெட்டியை மறுபடி மேசைமேல் வைத்து, தனக்கும் இன்னொரு புகார் இருப்பதாகச் சொன்னார். அதன்பின் கிடங்குப் பேச்சு எழவில்லை. தம்பி மகள் இன்றும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறாள்.

அவளுக்காக நான் மீசையை எடுத்துவிட்டதாகச் சம்பந்தி வீட்டார் சொல்லித் திரிகிறார்கள். எடுக்கவில்லை. மேலுதடு தெரியுமளவு கத்தரித்திருக்கிறேன்.