கீழ்த்தளத்தில் காப்பி

விடிந்தும் இருட்டு விலகாத, சுவீடன் நாட்டு மால்மோ நகரத்துக் குளிர்காலம். துணிக்கடையின் கீழ்த்தளத்தில் இஃப்ரா, கசங்கி வந்த மேல்கோட்டுகளுக்கு நீராவி பிடித்துக்கொண்டிருந்தாள். முக்காட்டின் ஓரம் நனைந்து நெற்றியில் ஒட்டியது. பருத்த உடம்புக்காரி ட்ரகானா பக்கத்தில் மூச்சு வாங்கப் பெட்டிகளைப் பிரித்தாள். அந்த உடம்புக்காகவே பல வருஷமாக அவளுக்குக் கீழ்த்தளம்தான்.

இஃப்ரா அன்றாடக் கூலி. காலையில் கைபேசியில் செய்தி வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. அடுத்த மாதம் மேலே, விற்பனையில், நிரந்தர வேலை என்று பெர்னில்லா வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் கை பொசுங்கினாலும் வாய் திறக்காமல் உழைத்தாள்.

பெர்னில்லா மேலாளர். இந்த ஊரில் முதலாளியையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்த மட்டுக்குச் சமத்துவம்.

“மேல விளம்பரப் படம் எடுக்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் இங்கேயே காப்பி குடிச்சுக்குங்க,” என்றாள் படியிறங்கி வந்து.

இஃப்ராவுக்குச் சுருக்கென்றது. ஆகாதவர்கள்கூடக் காப்பி நேரத்தில் ஒரே மேஜையில் உட்காரும் ஊர் இது. பந்தியிலிருந்து எழுப்பிவிடுகிறாளே!

“அப்ப மேல எனக்குச் சொன்ன வேலை?”

“கடைக்குன்னு ஒரு முகம் இருக்கில்ல?”

“என் முகத்துக்கு என்ன?”

“பெரிசு பண்ணாதே, இஃப்ரா. நாளைக்கு உனக்குச் செய்தி வரணுமில்ல?” குரலில் துளிக் கோபமில்லை.

அவள் போனதும் ட்ரகானா சொன்னாள்: “படத்துக்கு ஒரு பொண்ணு வந்திருக்காடி. உன்னாட்டமே முக்காடு. வாடகைக்குப் பிடிச்சிருக்காங்க.”

தூ, இதுவும் ஒரு வியாபாரமா! இஃப்ரா நீராவியை அணைத்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு படியேறினாள். பின்னாலேயே ட்ரகானா.

காப்பி மேஜையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். பெர்னில்லா எழுந்து வழியை மறித்தாள். இஃப்ரா அவளைத் தாண்டி மேஜையைப் பார்த்துச் சொன்னாள்:

“எங்களக் கீழயே குடிக்கச் சொல்லிட்டாங்க. எங்க முகம் கடைக்கு ஆகாதாம்.”

கல்லாவில் நிற்கும் துவா, பொன்முடிக்காரி, கோப்பையோடு எழுந்தாள். அவளும் அன்றாடக் கூலிதான். ஒவ்வொருவராக மற்றவர்களும் எழுந்தார்கள்.

எல்லோரும் கீழே இறங்கிப் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். துவா நின்றபடியே தொழிற்சங்கத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

“கடை திறக்க நேரமாச்சு,” என்று படியில் நின்றாள் பெர்னில்லா. ஒருவரும் அசையவில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கைபேசியில் எதையோ குறித்துக்கொண்டாள். நாளைக்கு யார் யாருக்குச் செய்தி வராதோ!

துவா போனை அணைத்துவிட்டு இஃப்ரா பக்கம் வந்தாள்.

“தள்ளி உக்காருடி,” என்றாள் துவா. “நானும் உக்காரணுமில்ல.”

இஃப்ரா தள்ளி உட்கார்ந்தாள்.